பெரட்டுக்களத்தில் மூன்று நிமிட மௌனம்

ஓய்வுபெற்ற பிறகும் மாதம் ஒருமுறை பழைய வேலையிடத்துக்குப் போய் ஒரு தேநீர் குடித்துவிட்டு வருவது என் வழக்கம். அது துறைமுகத்தை ஒட்டிய ஒரு கரையோர வானொலி நிலையம். கப்பல்களுக்கு வானிலை சொல்வதும், கப்பல்களிலிருந்து அபாய அழைப்பு வந்தால் கேட்பதும் அதன் வேலை. போன தடவை போனபோது புதுப் பெட்டிகள் வந்திறங்கியிருந்தன. இனி விரலால் தந்தி தட்ட வேண்டாமாம். வாயாலேயே பேசலாமாம். ஒவ்வொரு காரியத்துக்கும் ஒரு சேனல், ஒவ்வொரு சேனலுக்கும் ஒரு எண். என் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவர் சுவர்க் கடிகாரத்தைக் காட்டிக் கேட்டார்.

“அண்ணே, இந்தச் சிவப்பு இனி எதுக்கு? கழட்டிரலாமா?”

எங்கள் கடிகாரத்தின் முகத்தில் இரண்டு இடங்களில் சிவப்பு ஆப்பு வரைந்திருக்கும். பதினைந்திலிருந்து பதினெட்டாவது நிமிடம் வரை ஒன்று, நாற்பத்தைந்திலிருந்து நாற்பத்தெட்டு வரை இன்னொன்று. முள் சிவப்புக்குள் இருக்கும்வரை கடலில் உள்ள எல்லாக் கப்பலும் எல்லா நிலையமும் தட்டுவதை நிறுத்திவிட்டுக் காதை மட்டும் திறந்து வைத்திருக்க வேண்டும். அதுதான் சட்டம். அதன் காரணத்தை நான் கடலில் கற்றுக்கொள்ளவில்லை. கடலிலிருந்து எவ்வளவு தூரம் போக முடியுமோ அவ்வளவு தூரம் போய், ஒரு தேயிலைத் தோட்டத்தில், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் கற்றுக்கொண்டேன். ஒரு லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டில், குடியிருந்த நாற்பத்தொரு பேர் மண்ணுக்கு மேலே இருப்பதா கீழே போவதா என்பது அந்தக் காரணத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. கழற்றுவதற்கு முன் அவர் படிக்கட்டும் என்று இதை எழுதுகிறேன்.

நான் படித்தது நான்காம் வகுப்பு. ஐந்தாம் வகுப்பு வாத்தியார் அடிப்பார் என்று கேள்விப்பட்டு, மூன்று ஊர் தள்ளி ஓர் உப்பளத்தில் சேர்ந்தேன். அங்கே வெயில் அடித்தது. அதற்குப் பயந்து கரையோரம் ஓடும் ஒரு சரக்குக் கப்பலில் ஏறினேன். கப்பலின் கம்பியில்லாத் தந்தி அறையில் பேட்டரிகளுக்குத் திராவகம் ஊற்றும் வேலை கிடைத்தது. ஒரு வருடத்தில் திராவகம் என் மூன்று சட்டைகளைத் தின்றது. அதற்குள் இருபத்தாறு இங்கிலீஷ் எழுத்துகளின் தட்டும் எனக்குக் காதிலேயே படிந்துவிட்டது. சொற்களில் பாதி புரியும், மீதி புரியாது. தந்திக்காரர் வெற்றிலை போடப் போகும்போது நான் கேட்டு எழுதிவைப்பேன். பிறகு கப்பலைப் பழைய இரும்புக்கு விற்றார்கள். எனக்கு விஷக்காய்ச்சல் வந்தது. மலைக் காற்றுக்குக் காய்ச்சல் போகும் என்று கொழும்பில் யாரோ சொன்னார்கள். கையில் இருந்தது பாதி வழி ரயிலுக்குப் போதும், மீதியை நடந்தேன். காய்ச்சல் என்னோடு டிக்கோயா வரைக்கும் வந்தது.

டிக்கோயா பசாரில் ஒரு மளிகைக்கடை முதலாளி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“என்ன வேலை தெரியும்?”

“கம்பியில்லாத் தந்தி கேப்பேங்க.”

“ஏம்ப்பா, கடல் எங்க இருக்கு, நீ எங்க வந்து நிக்கிற?” என்று சிரித்துவிட்டு, உடனே சிரிப்பை நிறுத்தினார். “இருப்பா. மேல ஒரு தோட்டத்துல கப்பல் தொரைன்னு ஒருத்தர் இருக்காரு. அவருக்கு உன்ன மாதிரி ஒரு ஆளுதான் வேணும். நல்ல காலம், அவரும் உன்ன மாதிரிதான்.”

கப்பல் துரை அந்தத் தோட்டத்தின் பெரிய துரை. பெரிய சண்டையில் கடற்படைக் கப்பல் ஒன்றில் தந்தி அறையில் இருந்தவர். சண்டை முடிந்ததும் கடலை விட்டார். கடல் அவரை விடவில்லை. தோட்டத்து ஆபீசில் ஒரு பெரிய வானொலிப் பெட்டியை வைத்து, இரண்டு சவுக்கு மரங்களுக்கு இடையில் கம்பி கட்டி, சுவரில் சிவப்பு ஆப்பு வரைந்த கடிகாரத்தை மாட்டியிருந்தார். பேட்டரிகளைத் தேயிலை ஆலைக்குத் தூக்கிப்போய் மின்சாரம் ஏற்றிக்கொண்டு வருவதும், அவர் மலை வேலையைப் பார்க்கப் போகும் நேரத்தில் காதில் குழலை மாட்டிக்கொண்டு கேட்பதும் என் வேலை என்றானது.

அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவர் கத்திப் பேசி நான் கேட்டதில்லை. மெல்லிய மனிதர், காலையில் சவரம் செய்யாமல் வெளியே வரமாட்டார், பென்சில் மொட்டையாக இருந்தால் முகம் வாடிவிடும். அவருக்கு நன்றாகத் தமிழ் வரும். ஆனால் அந்தத் தமிழ் முழுவதும் ஏவலாகவே இருக்கும். வா, போ, வெட்டு, கட்டு, எழுது. கேள்வி கேட்பதற்கான தமிழை அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. தேவையும் வந்திருக்காது.

முதல் நாள் என்னை உட்கார வைத்து விதிகளைச் சொன்னார். அறுநூறு மீட்டர் அலை பொது அலை. எல்லாரும் அங்கேதான் காது வைத்திருப்பார்கள். அங்கே கூப்பிடலாம், அரட்டை அடிக்கக் கூடாது. கூப்பிட்டு, ஆள் கிடைத்ததும் வேறு அலைக்குப் போய்ப் பேச வேண்டும். கரை நிலையம் காலையிலும் பிற்பகலிலும் பொது அலையில் அறிவிப்புக் கொடுத்துவிட்டு, இன்னோர் அலையில் வானிலை சொல்லும். எனக்கு இது உடனே பிடிபட்டது. பெரட்டுக்களத்திலும் அப்படித்தானே. விடியற்காலையில் எல்லாரும் அங்கே கூடுவார்கள், பேர் கூப்பிடுவார்கள், பிறகு ஆளுக்கொரு மலைக்குப் பிரிந்துபோய் அங்கே பேசிக்கொள்வார்கள்.

பிறகு சிவப்பைக் காட்டினார்.

“இந்த நேரம் பேசாதே. கேள். இப்போ கூப்பிடுற ஆள் சாகப்போற ஆள். அவன் பேட்டரி சின்னது, சத்தம் சின்னது. பெரிய ஆள் எல்லாம் வாய மூடு. அப்பத்தான் கேக்கும்.”

“கேட்டா என்ன செய்யணுங்க?”

“எழுது. நேரம் எழுது. யார், எங்க, எத்தனை பேர், என்ன ஆபத்து, எழுது. அழிக்காதே. கடைசிக் கட்டம் ‘செய்தது’. அது காலியா இருந்தா...” இங்கே அவருக்குத் தமிழ் போதவில்லை. கழுத்தைச் சற்று நிமிர்த்திக் காட்டினார். அவருடைய கப்பலில் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டவன் யாரும் இல்லை என்று புரிந்துகொண்டேன்.

அந்தப் பதிவேடுதான் அவர் உயிர். மாதம் ஒரு சனிக்கிழமை நுவரெலியாவிலிருந்து ஓய்வுபெற்ற கப்பல் தலைவர் ஒருவர் வருவார். இருவரும் வராந்தாவில் உட்கார்ந்து பதிவேட்டைப் பக்கம் பக்கமாகப் படிப்பார்கள். காலை ஆறிலிருந்து மாலை ஆறு வரை மணிக்கு இரண்டு முறை, துரை சொல்லிக்கொடுத்த இங்கிலீஷில் நான் எழுதிய ஒரே வாக்கியம்தான் அதில் இருக்கும்: அழைப்பு எதுவும் இல்லை. அதை ரசித்துப் படிக்க ஒரு பயிற்சி வேண்டும்.

வானிலைக்கு அப்படி இல்லை, அதற்குப் பயன் இருந்தது. துரை அதைப் பெரட்டுக்களத்துப் பலகையில் ஒட்டச் சொன்னார். கண்டாக்கு அதைத் தமிழில் வாசிக்க வேண்டும். கண்டாக்கு என்றால் மலை வேலைகளை மேற்பார்க்கும் உத்தியோகத்தர், துரைக்கும் ஆட்களுக்கும் நடுவில் நிற்கும் சுவர். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, “தெற்கே கடல் மிதம். பார்வைத் தூரம் ஆறு மைல். காற்று மந்தம்” என்று வாசிப்பார். களத்தில் பனி மூடிப் பக்கத்தில் நிற்பவளின் கூடை தெரியாது.

கேட்டுக்கொண்டு நிற்பவர்கள் கடலைப் பார்த்தது ஒரே தடவை, இந்தியாவிலிருந்து இந்தப் பக்கம் வரும்போது. அந்த நாளும் வாந்தியில் போய்விட்டது.

“அக்கா, கடல் எப்படியாம்?”

“மிதமாம்டி.”

“அப்ப கம்பளி வேணாமா?”

“கம்பளி எதுக்கு, வலை எடுத்துட்டு வா.”

சிரிப்புக்கு அப்பால் விஷயம் இதுதான். பலகையில் மழை இல்லையென்றால் தோட்டத்தில் மழை இல்லை. நனைகிறது என்று கொழுந்து எடுப்பதை நிறுத்திவிட்டு வந்தவர்களைக் கண்டாக்கு திருப்பி அனுப்பினார். “கொழும்பிலிருந்தே சொல்லிட்டான், உனக்கு மட்டும் எங்கிருந்து மழை?” ஒரு நாள் காற்றில் ஆலைக் கூரைத் தகரம் இரண்டு பறந்து தேயிலைக்குள் விழுந்தது. அன்றைய பதிவில் துரை தம் கையால் எழுதினார்: காற்று மந்தம். ஆறாயிரம் அடி உயரத்தில் நின்றுகொண்டு கப்பல்களுக்குச் சொன்ன வானிலையை நம்புவதற்குப் படித்த ஆளால்தான் முடியும்.

ஆறேகால் மணிக்கு வரும் சிவப்பு பெரட்டு நேரத்தில் விழுந்தது. ஆபீஸ் களத்துக்குப் பக்கத்தில். இருநூறு பேர் சளசளவென்று பேசும் சத்தத்தில் குழலுக்குள் எதுவும் கேட்காது என்று துரை கண்டார். அன்றிலிருந்து ஆறேகாலுக்குக் கண்டாக்கு ஒரு சிவப்புத் துணியைத் தூக்குவார். முள் சிவப்பை விட்டு வெளியே வரும்வரை யாரும் வாய் திறக்கக் கூடாது. திறந்தால் அன்றைக்குப் பேர் இல்லை, அதாவது சம்பளம் இல்லை, வீட்டுக்குப் போகலாம். கைக்குழந்தை அழுதால் தாய் அதன் வாயைப் பொத்திக்கொண்டு ஆலைச் சுவருக்குப் பின்னால் ஓடுவாள். ஏன் இந்த மௌனம் என்று யாருக்கும் சொல்லவில்லை. சாமி கும்பிடுகிறார் என்று சிலர் நினைத்தார்கள். ராஜா செத்துப்போனார் என்று சிலர். தினமுமா சாவார் என்று சிலர்.

அந்த வருடம் தென்மேற்கு மழை நான்கு நாள் விடாமல் கொட்டியது. நான்காம் நாள் மத்தியானம் பேட்டரியைத் தூக்கிக்கொண்டு ஆலைக்குப் போகும் வழியில் பேச்சாயி என்னை நிறுத்தினாள். பள்ளத்து லயத்தில் குடியிருந்தவள், நாற்பது வயதிருக்கும். பத்துக் காம்பரா கொண்ட லயம் அது, ஒரு காம்பராவுக்கு ஒரு குடும்பம். மலை ஊற்றுத் தண்ணீர் ஒரு பீலி வழியாக வந்து வாசலில் கொட்டும். அதற்கு நேர் மேலே நாலாம் நம்பர் மலை. அந்த வருடம்தான் அங்கே பழைய தேயிலையைப் பிடுங்கிப் புதிதாக நடுவதற்கு மண்ணைத் திறந்து போட்டிருந்தார்கள்.

“தம்பி, நீ ஆபீசுக்குள்ள போற ஆளு. தொரைகிட்ட ஒன்னு சொல்லணும்.”

“என்னக்கா?”

“எங்க லயத்துப் பீலி இருக்கில்ல, எந்த மழைக்கும் கண்ணாடி மாதிரி ஊத்தும். ரெண்டு நாளா செம்மண்ணா வந்துச்சு. இன்னிக்குக் காலையில நின்னுபோச்சு.”

“மழையிலயா?”

“அதான் சொல்றேன். இந்த மழையில பீலி நிக்குமா? தண்ணி வேற எங்கயோ போவுது. எங்க காம்பராக் கதவும் நேத்திலேர்ந்து சாத்த மாட்டேங்குது. நெலை சாஞ்சிருச்சு. மலை எறங்குது தம்பி.”

“கங்காணிகிட்ட சொன்னீங்களா?”

“சொன்னேன். கண்டாக்கையாகிட்ட சொன்னாராம். பலகையில அப்படி ஒன்னும் போடலியேன்னு கேட்டாராம் அவரு. மேல ஆலையில கொழுந்து வாட்டுற மாடி சும்மாதான கெடக்கு. நாலு நாளைக்கு அங்க படுத்துக்கிறோம்னுதான் கேக்குறோம்.”

தோட்டத்தில் சொல் போகும் வழி அப்படி. ஆள் கங்காணியிடம், கங்காணி கணக்கப்பிள்ளையிடம், அவர் கண்டாக்கிடம், கண்டாக்கு துரையிடம். மேலிருந்து கீழே உருண்டு வருவதற்கு அது நல்ல வழி. கீழிருந்து மேலே எதுவும் ஏறி நான் பார்த்ததில்லை. என் நிலைமையும் அதுதான். நானாக வாய் திறந்து துரையிடம் பேசினால் அன்று மாலையே டிக்கோயாவுக்கு நடக்க வேண்டியதுதான். நடப்பது எனக்குப் பழக்கம். பேசியும் பயனில்லை என்பதுதான் சங்கடம். துரைக்குத் தெரிந்த தமிழில் பீலி இல்லை.

“அக்கா, அந்த ஆபீசுக்குள்ள எனக்குப் பேசுற வேலை இல்ல, கேக்குற வேலைதான்” என்றேன். என் கோழைத்தனத்தைக் கொஞ்சம் மறைப்பதற்காக, என்ன கேட்கிறேன் என்று சொன்னேன். சிவப்புத் துணி எதற்கு என்றும் சொன்னேன். சின்னக் குரல் கேட்பதற்காகப் பெரிய குரல்கள் வாயை மூடும் நேரம் அது, அப்போது கூப்பிட்டவன் யாராயிருந்தாலும் எழுதியாக வேண்டும், எழுதினால் அழிக்க முடியாது.

பேச்சாயி கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். “ஓ. அதுக்கா எங்க வாயக் கட்டுறீங்க” என்றாள். “எத்தினி நாளா யாரும் கூப்பிடல?”

“நான் வந்து ஒரு வருசம். ஒருத்தரும் இல்ல.”

“சரி, போ தம்பி. பெட்டி கனமா இருக்கு.”

மறுநாளும் மழை. பெரட்டில் ஆட்கள் கம்பளிக்குள் ஒடுங்கி நின்றார்கள். பலகையில் கடல் கொந்தளிப்பு, கப்பல்கள் கவனம் என்றிருந்தது. ஆறேகாலுக்குத் துணி உயர்ந்தது. நான் உள்ளே குழலை மாட்டிக்கொண்டு, பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டு, முள் சிவப்புக்குள் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். துரை ஜன்னலோரம் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். தகரத்தில் மழைச் சத்தம் தவிர வேறெதுவும் இல்லை.

அப்போது களத்திலிருந்து ஒரு குரல் வந்தது. கூச்சல் இல்லை, சாதாரணமாகப் பேசும் குரல்.

“நான் பள்ளத்து லயத்துப் பேச்சாயி. எங்க லயத்துல நாப்பத்தொரு பேரு இருக்கோம். பீலி நின்னுபோச்சு, கதவு சாத்த மாட்டேங்குது, மலை எங்க மேல எறங்குது. எங்களைக் காப்பாத்துங்க.”

“ஏய், வாய மூடு” என்றார் கண்டாக்கு. அவர் வாய் திறந்ததும் மௌனத்தை மீறியவர்கள் இரண்டு பேர் ஆனார்கள்.

எழுதுவதா என்று நான் யோசித்ததாக இப்போது சொன்னால் அது பொய். கை ஒரு வருடமாகக் காத்திருந்தது. ஆறு மணி பதினாறு நிமிடம் என்று போட்டேன். எஸ்.ஓ.எஸ். என்று இங்கிலீஷ் எழுத்தில் போட்டேன். அதற்கு மேல் எனக்கு இங்கிலீஷ் போதவில்லை, அவள் சொன்னதைச் சொன்னபடி தமிழில் எழுதினேன். பேர் எத்தனை என்ற கட்டத்தில் 41 என்று எண்ணில் போட்டேன். ‘செய்தது’ கட்டத்துக்கு வந்ததும் பென்சிலைக் கீழே வைத்தேன்.

துரை என் பின்னால் வந்து நின்றார். முள் சிவப்பை விட்டு வெளியே வரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. அது அவர் சுபாவம். மூன்று நிமிடம் முடிந்ததும் எஸ்.ஓ.எஸ். மீது விரலை வைத்தார்.

“இது என்ன?”

“அழைப்புங்க தொரை. சிவப்புக்குள்ள வந்துச்சு.”

கண்டாக்கைக் கூப்பிட்டு, படி என்றார். இப்படியாகக் கண்டாக்கு தாம் மேலே போகாமல் நிறுத்திவைத்த செய்தியைத் தம் வாயாலேயே இங்கிலீஷில் சொல்ல வேண்டியதாயிற்று. ஆபத்தைச் சற்றுச் சுருக்கித்தான் சொன்னார் என்று நினைக்கிறேன். பீலியில் தண்ணீர் குறைவு என்பதுபோல் கையைக் காட்டினார். துரையின் விரல் 41இல் போய் நின்றது. எண்ணுக்கு மொழிபெயர்ப்பு வேண்டாம்.

“மழைக்குக் கதவு ஊதும் சார், எல்லா வருசமும் ஊதும்” என்றார் கண்டாக்கு, எனக்கும் கேட்கட்டும் என்று தமிழில்.

துரை அதைக் கேட்கவில்லை. அவர் கண் காலியாக இருந்த கடைசிக் கட்டத்தில் இருந்தது. அந்த மாதத்துச் சனிக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள்தான். நுவரெலியாவிலிருந்து வருபவர் அந்தப் பக்கத்தைப் புரட்டுவார். அழித்த பதிவேட்டை அவரிடம் காட்ட முடியாது. காலிக் கட்டத்தை அதைவிடக் காட்ட முடியாது. ஆணியில் மாட்டியிருந்த பழைய கப்பல் தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டு துரை மழையில் இறங்கினார்.

பேச்சாயியின் கதவை மூன்று முறை சாத்திப் பார்த்தார். சாத்தவில்லை. பீலிக்குக் கீழே கையை நீட்டினார், மழைத்துளி தவிர எதுவும் விழவில்லை. பிறகு லயத்துக்குப் பின்னால் ஏறினார். புதிதாகத் திறந்த மண்ணில், புருவம் போல வளைந்து ஒரு வெடிப்பு ஓடியது. கைத்தடியை அதில் விட்டார், பிடி வரைக்கும் உள்ளே போனது. அவர் தடியை வெளியே எடுக்காமலே கண்டாக்கைத் திரும்பிப் பார்த்தார். அதற்குப் பிறகு நடந்தது முழுக்கக் கப்பல் முறைப்படி நடந்தது. பெண்களும் பிள்ளைகளும் முதலில். ஆண்கள் வரிசையாக நிற்க வேண்டும். ஆளுக்கு ஒரு மூட்டை, ஆடுகள் அதற்குப் பிறகு. லயத்தின் இரண்டு முனையிலும் ஆள் நிறுத்தித் தலை எண்ணினார். நாற்பத்தொன்று வந்ததும் மறுபடி எண்ணினார். கொழுந்து வாட்டும் மாடியில் ஆட்களை ஏற்றினால் தேயிலையில் புகை வாசனை ஏறும் என்று ஆலையைக் கவனிக்கும் டீமேக்கர் சொல்ல வந்தார், தொப்பியைப் பார்த்துவிட்டுச் சொல்லாமல் விட்டார்.

மத்தியானம் ஒன்றரை மணிக்கு மலை இறங்கியது. பத்துக் காம்பராவில் ஆறு போயின. பேச்சாயியுடையது மூன்றாவது. இரண்டு ஆடும், அடுப்பில் இருந்த ஒரு பானைச் சோறும் தவிர வேறு உயிர்ச்சேதம் இல்லை. பானைச் சோற்றையும் சேர்த்துத்தான் அவர்கள் கணக்குச் சொன்னார்கள்.

சனிக்கிழமை கப்பல் தலைவர் வந்தார். ‘செய்தது’ கட்டத்தில் துரை தம் அழகிய கையெழுத்தில் எழுதியிருந்ததைப் படித்தார். எழுந்து நின்று துரையின் கையைக் குலுக்கினார். அதே நேரத்தில் பேச்சாயி பங்களாவுக்குக் கீழே இருந்த மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தாள். அவளை யாரும் கூப்பிடவில்லை. மௌனத்தை மீறிய நாளுக்கு அவளுக்குப் பேர் இல்லை என்று கண்டாக்கு செக்ரோல் என்ற வருகைப் பதிவில் போட்டது போட்டபடியே இருந்தது.

கதை இத்தோடு முடிந்திருந்தால் துரை இன்றைக்கும் அந்த மலையில் சாமியாக இருந்திருப்பார். ஆனால் திங்கட்கிழமை ஆறேகாலுக்குத் துணி உயர்ந்ததும் மேட்டு லயத்திலிருந்து ஒரு பெண் பேசினாள். “எங்க கூரை ஒழுகுதுங்க. ஏழு பேரு இருக்கோம்.” அவள் முடிப்பதற்குள் இன்னொருத்தி. “ஆஸ்பத்திரியில மருந்துன்னு கலர் தண்ணியத்தான் தர்றாங்க. எம்மவளுக்கு ஒம்பது நாளா காய்ச்சல்.” பிறகு ஒரு கிழவர், தாம் ஊருக்குப் போகக் கேட்ட அனுமதித் துண்டைக் கங்காணி இரண்டு வருடமாகத் தரவில்லை என்றார். மூன்று நிமிடத்துக்குள் ஆறு அழைப்பு. எல்லாம் ஒழுங்காக, ஒருவர் முடித்ததும் ஒருவர். பொது அலையில்கூட அவ்வளவு ஒழுங்கை நான் கேட்டதில்லை. ஆறையும் எழுதினேன். ஆறு கடைசிக் கட்டங்களும் காலியாக நின்றன.

துரை ஆறு கட்டங்களின் மீதும் விரலை ஓட்டினார்.

“இது ஆபத்து இல்லை” என்றார்.

“கேக்குற ஆளு அதைத் தீர்மானிக்கக் கூடாதுன்னு நீங்க சொன்னீங்க தொரை.”

அவர் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் சொல்லியிருக்கக்கூடிய ஆள்தான், அதனால் மறுக்கவும் முடியவில்லை. “அது கடலுக்கு” என்றார் கடைசியில்.

மறுநாள் பலகையில் ஓர் அறிவிப்பு. பெரட்டுக்கள மௌனம் ரத்து. ஆட்கள் ஆறேகாலுக்கும் தாராளமாகப் பேசிக்கொள்ளலாம். வானிலை வழக்கம்போல் வாசிக்கப்படும். வானொலிப் பெட்டி பங்களாவின் பின்கட்டுக்குப் போனது. அங்கே பெரட்டுச் சத்தம் எட்டாது. பேட்டரி தூக்கக் கண்டாக்கின் மைத்துனர் போதும் என்றார்கள். அவருக்குத் தட்டுத் தெரியாது. அதுவே தகுதி.

நான் மூட்டையோடு ஆலையைக் கடக்கும்போது பேச்சாயி மாடியிலிருந்து இறங்கி வந்தாள்.

“கெளம்பிட்டியா தம்பி? அந்த மூணு நிமிசத்தை எடுத்துட்டாங்களாமே. இனிமே எப்ப வேணாலும் பேசலாமாம், கண்டாக்கையா சொல்றாரு.”

“நல்லதுதானேக்கா.”

“என்ன நல்லது. எல்லாரும் பேசுறப்ப யாரு காதுல விழும்?”

டிக்கோயா வரைக்கும் அதை யோசித்துக்கொண்டே நடந்தேன். அதற்குப் பிறகு பல ஊர், பல வேலை. கடைசியில் கரைக்கு வந்து, இந்த நிலையத்தில் ஒட்டிக்கொண்டேன். இங்கே இருந்த காலமெல்லாம் சிவப்புக்குள் நான் கேட்ட கப்பல் அழைப்புகள் மிகச் சில. ஒவ்வொன்றையும் எழுதும்போது முதலில் நாற்பத்தொன்று என்றுதான் கை போகும். பிறகு சரியான எண்ணைப் போடுவேன்.

ஆகவே, என் நாற்காலியில் இருப்பவருக்கு என் பதில் இது. புதுப் பெட்டிக்குச் சிவப்பு தேவையில்லை என்றால் தாராளமாகக் கழற்றுங்கள் தம்பி. ஆனால் அத்தனை சேனல்களில் எதில் நீங்கள் எல்லாரும் பேசாமல் இருக்கப்போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். அதன் எண்ணைச் சுவரில் எழுதிவிட்டு, கடிகாரத்தில் கை வையுங்கள்.